குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடு: பாச்சை உருண்டையும் மருதாணியும் ஏன் ஆகாது?

பொங்கோல்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு அண்மையில் சிங்கப்பூரில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. தொப்புள்கொடி இரத்தத்தில் செய்த பரிசோதனையில் அவனுக்கு ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடு இருப்பது தெரிந்ததால், மஞ்சள் காமாலை கூடுகிறதா என்று கவனிப்பதற்காக அவனை மருத்துவமனையில் மேலும் சில நாள்கள் வைத்திருந்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். நன்றாகப் பால் குடிக்கிறான். தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்றையும் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். பாச்சை உருண்டை, ஃபாவா அவரை, சில சீன மூலிகைகள், பல மருந்துகளின் பெயர்கள் ஆகியவை அதில் இருக்கின்றன. ஆனால் எதற்கும் காரணம் சொல்லப்படவில்லை.

பேரனைப் பார்த்துக்கொள்ள என் தாயார் தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கிறார். தூளி கட்டுவதற்கென்று, நைந்து மென்மையான பழைய பருத்திச் சேலைகளை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். அந்தப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். துவைத்துக் காயவைத்த பிறகும் அந்த மணம் இலேசாக வீசுகிறது. அந்தச் சேலையில் தூளி கட்டலாமா? பாச்சை உருண்டை கூடாதென்றால், பார்ப்பதற்கு ஏறக்குறைய அதைப் போலவே இருக்கும் பூசைச் சூடத்தையும் நிறுத்த வேண்டுமா? முப்பதாம் நாள் சடங்கில் குழந்தையின் பாதத்தில் மருதாணி வைக்க வேண்டும் என்று என் மனைவியின் சின்னம்மா ஆசைப்படுகிறார். அது இலைதானே, அதனால் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கிறார். அவரைக்காயும் மொச்சையும் சாப்பிடலாமா என்பது என் மனைவியின் கவலை. அம்மா உரைமருந்தைப் பற்றியும் பேசத் தொடங்கியிருக்கிறார்.

என் தாயார் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். கூடாது என்று மட்டும் சொன்னால் அவர் வருத்தப்படுவார். காரணத்தை விளக்கினால் உடனே ஏற்றுக்கொள்வார். ஆகவே, இந்தப் பொருள்களில் உள்ள மூலக்கூறுகள் குழந்தையின் உடலில் என்ன செய்கின்றன என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கரிமம் எழுதியது:

பொங்கோல்வாசி அவர்களுக்கு வாழ்த்துகள். நான் தொடக்கக் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன், மருத்துவன் அல்லேன். ஆகவே மூலக்கூறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மருந்துகளைப் பற்றி மருந்தாளர்கள் சொல்வதே முறை. முதலில் உங்கள் உடனடிக் கேள்விக்குப் பதில்: அந்தச் சேலையில் தூளி கட்ட வேண்டாம். இனிக் காரணத்தைப் பார்ப்போம்.

நம் இரத்தத்தின் சிவப்பணுக்கள் ஆக்சிஜனைச் சுமக்கின்றன. உயிருக்கு ஆதாரமான அதே ஆக்சிஜன், வேதியியல் நோக்கில் தன்னைச் சுற்றியுள்ள எதனோடும் வினைபுரியத் துடிக்கும் பொருளாகும். அதைச் சுமப்பதால் சிவப்பணுவுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற கேடு விளைவிக்கும் பொருள்கள் ஓயாமல் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. அவற்றை நீராக மாற்றி அணுவைக் காப்பது குளூட்டாதயோன் என்னும் சிறிய மூலக்கூறு. குளூட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் இணைந்தது அது. சிஸ்டீனில் உள்ள கந்தகம் தன் ஹைட்ரஜனைக் கொடுத்துப் பெராக்சைடை அடக்குகிறது. கொடுத்த பிறகு இரண்டு குளூட்டாதயோன்கள் ஒன்றோடொன்று பிணைந்து செயலற்றுப் போகின்றன. அவற்றை மறுபடியும் பிரித்துப் பயனுள்ள நிலைக்குக் கொண்டுவர என்ஏடிபிஎச் என்ற இன்னொரு மூலக்கூறு தேவைப்படுகிறது.

சிக்கல் தொடங்கும் இடம் இதுதான். உடலின் மற்ற செல்கள் என்ஏடிபிஎச்சைப் பல வழிகளில் உண்டாக்கிக்கொள்ள முடியும். சிவப்பணுவுக்கோ மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை, உட்கருவும் இல்லை. குளுக்கோசைச் சிதைக்கும் ஒரே ஒரு பாதையிலிருந்துதான் அது என்ஏடிபிஎச்சைப் பெறுகிறது. அந்தப் பாதையின் முதல் படியை நடத்தும் நொதிதான் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ், சுருக்கமாக ஜி6பிடி. உங்கள் மகனிடம் அந்த நொதி குறைவாக இருக்கிறது. அன்றாட வாழ்க்கைக்கு இருப்பது போதும். அதனால்தான் இந்தக் குறைபாடு உடைய பெரும்பாலானோர் வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் இல்லாமல் இருக்கிறார்கள். ஆனால் வெளியிலிருந்து ஒரு மூலக்கூறு புகுந்து பெராக்சைடின் அளவைத் திடீரென்று கூட்டினால், குளூட்டாதயோன் தீர்ந்துபோகிறது, ஹீமோகுளோபின் கெட்டுக் கட்டியாகித் திரள்கிறது, சிவப்பணு உடைகிறது.

பாச்சை உருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் அப்படிப்பட்ட மூலக்கூறுதான். பத்துக் கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட அது, ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொண்டு ஒட்டியிருக்கும் இரண்டு பென்சீன் வளையங்களால் ஆனது. அதன் உருகுநிலை 80 டிகிரி செல்சியஸ். எனினும் அது உருகாமலேயே, நம் வீட்டு வெப்பத்திலேயே நேரடியாக ஆவியாகிவிடுகிறது. பெட்டிக்குள் வைத்த உருண்டை நாளடைவில் கரைந்து காணாமல்போவதும் துணியின் இழைகளில் மணம் தங்குவதும் அதனால்தான். மணம் வருகிறது என்றால் மூலக்கூறு இன்னும் துணியில் இருக்கிறது என்றே பொருள். நாஃப்தலீன் நீரில் மிகமிகக் குறைவாகவே கரையும். ஆகவே துவைப்பதால் மட்டும் அது முழுமையாக நீங்கிவிடும் என்று நம்ப முடியாது.

நாஃப்தலீன் நேரடியாகச் சிவப்பணுவை உடைப்பதில்லை. மூச்சின் வழியாகவோ தோலின் வழியாகவோ உள்ளே போன நாஃப்தலீனை வெளியேற்றுவதற்காக ஈரல் அதனோடு ஆக்சிஜனைச் சேர்க்கிறது. அப்போது முதலில் நாஃப்தாலும் அதிலிருந்து நாஃப்தோகுவினோன்களும் உண்டாகின்றன. குவினோன் வகை மூலக்கூறு ஒன்று சிவப்பணுவுக்குள் ஓர் எலக்ட்ரானை வாங்கி அதை ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டுத் தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பின்பு மறுபடியும் அதையே செய்கிறது. ஒரே மூலக்கூறு இப்படித் திரும்பத் திரும்பப் பெராக்சைடை உண்டாக்குவதால், சிறிதளவு போனாலும் விளைவு பெரிதாக இருக்கிறது. பிறந்த குழந்தையின் தோல் மெல்லியது. ஈரலும் இன்னும் முதிரவில்லை. இன்னொன்றையும் உங்கள் தாயாரிடம் கட்டாயம் சொல்லுங்கள்: நாஃப்தலீன் எண்ணெயில் நன்றாகக் கரையும். எண்ணெய் தேய்த்த உடம்போடு குழந்தையை அத்தகைய துணியில் படுக்கவைத்தால், தோலின் வழியாக உட்செல்லும் அளவு கூடுகிறது. நாஃப்தலீன் போட்டு வைத்த துணிகளைச் சுற்றியதால் பச்சிளங்குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான காமாலை வந்ததை 1950களிலேயே மருத்துவ இதழ்கள் பதிவுசெய்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் நாஃப்தலீன் உருண்டைகளின் விற்பனையை 2008-ஆம் ஆண்டில் நிறுத்தியது. புதிய பருத்தித் துணி ஒன்றை வாங்கித் துவைத்துத் தூளி கட்டிக்கொள்ளுங்கள். தேக்காவில் எளிதாகக் கிடைக்கும். பழைய சேலைகளையும், அதே பெட்டியில் வந்த மற்றத் துணிகளையும் குழந்தை படுக்கும் அறையிலிருந்து அகற்றிவிடுங்கள்.

இப்போது மருதாணி. அதன் சிவப்புக்குக் காரணமான லாசோன் என்னும் மூலக்கூறு, வேதியியல் அமைப்பில் ஒரு நாஃப்தோகுவினோன் ஆகும். இரண்டு வளையங்கள், அவற்றில் இரண்டு ஆக்சிஜன்கள், பக்கத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. நாஃப்தலீனை உட்கொண்ட உடம்பு எந்த வகைப் பொருளைப் பாடுபட்டு உண்டாக்குகிறதோ, அந்த வகைப் பொருளை மருதாணி இலை ஆயத்தமாகவே வைத்திருக்கிறது. தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தோடு வேதிப் பிணைப்பு கொள்வதால்தான் அந்த நிறம் கழுவினாலும் போவதில்லை. பெரியவர்களின் தடித்த உள்ளங்கையில் அது பெரும்பாலும் மேலடுக்கோடு நின்றுவிடுகிறது. பச்சிளங்குழந்தையின் தோலில் அப்படி நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. மருதாணி பூசும் வழக்கம் பரவலாக உள்ள அரபு நாடுகளில், ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மருதாணி பூசிய பின் உயிருக்கே ஆபத்தான அளவுக்குச் சிவப்பணுக்கள் உடைந்ததை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். சின்னம்மாவின் ஆசைக்கு, குழந்தையின் தாய்க்கும் வைக்காமல் இப்போதைக்கு அவர் கையில் மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

சூடத்தின் கதை வேறு. கர்ப்பூர மூலக்கூறிலும் பத்துக் கார்பன் அணுக்கள்தாம். ஆனால் அதில் பென்சீன் வளையம் இல்லை. ஒரு பாலம் குறுக்கே போட்டது போன்ற இரட்டை வளைய அமைப்பு அது. நாஃப்தோகுவினோனாக அது மாறுவதில்லை. அதனால் நாஃப்தலீனுக்கு எதிராக உள்ள சான்றுகளைப் போன்ற வலுவான சான்று கர்ப்பூரத்துக்கு எதிராக இல்லை. ஆனாலும் அதைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: கர்ப்பூரம் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். ஒரு சிறு துண்டை விழுங்கினாலும் சிறு குழந்தைகளுக்குச் சில நிமிடங்களில் வலிப்பு வரக்கூடும். எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும் எச்சரிக்கை இது. பூசை அறையில் சற்று நேரம் சூடம் ஏற்றுவதையும், குழந்தையின் நெஞ்சில் கர்ப்பூரத் தைலம் தடவுவதையும் ஒன்றாகக் கருதக் கூடாது. பின்னதைச் செய்யவே வேண்டாம்.

இடையில் ஒரு செய்தி. இன்று நாம் ஏற்றும் சூடத்தில் பெரும்பகுதி, ஊசியிலை மரங்களின் டர்பென்டைனில் உள்ள ஆல்ஃபா-பைனீனைப் படிப்படியாக மாற்றி ஆலையில் செய்யப்படுவது. பழங்காலத்தில் பெரும்விலை பெற்ற கர்ப்பூரமோ நமக்கு அருகிலுள்ள சுமத்ராவின் பாருஸ் துறைமுகத்திலிருந்து சென்றது. அங்கு வளர்ந்த மரத்தின் உள்ளே படிகமாகக் கிடைத்த அந்தப் பொருள், வேதியியலில் போர்னியோல். அந்தப் பாருசில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் பொறித்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போது, டர்பீன்களைப் பற்றிய பாடத்தை மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார்கள்.

மருந்தறை எழுதியது:

கரிமம் அவர்கள் எழுதிய விளக்கத்தோடு உடன்படுகிறேன். நான் நீண்டகாலம் மருந்தாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். மருந்து, உணவு, மூலிகை ஆகியவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

உங்கள் மகனுக்குப் பிறந்த அன்றே பரிசோதனை நடந்தது தற்செயல் அன்று. சிங்கப்பூரில் 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் பிறந்த குழந்தைகள் பலர், கடுமையான காமாலையால் வரும் கெர்னிக்டெரஸ் என்ற மூளைப் பாதிப்பால் இறந்தார்கள். பிழைத்தவர்கள் சிலர் செவிப்புலனையும் உடல் அசைவுகளின் கட்டுப்பாட்டையும் இழந்தார்கள். குழந்தை மருத்துவப் பேராசிரியர் வோங் ஹோக் பூன் அந்தக் குழந்தைகளை ஆராய்ந்து, அவர்களில் பலருக்கு ஜி6பிடி குறைபாடு இருந்ததையும், வீட்டில் பயன்படுத்திய சில மூலிகைகளும் நாஃப்தலீனும் நிலைமையை மோசமாக்கியதையும் எடுத்துக்காட்டினார். அதன் பயனாக 1965 முதல் இங்கு பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தம் பரிசோதிக்கப்படுகிறது. கெர்னிக்டெரஸ் இன்று நம் நாட்டில் அரிதினும் அரிதாகிவிட்டதற்கு அந்த எளிய பரிசோதனையே முக்கியக் காரணம். என்னைக் கேட்டால், நம் பொதுச் சுகாதார வரலாற்றில் இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு குழந்தைகளைக் காத்த வேறொன்றைச் சொல்வது கடினம்.

காமாலையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமாகி, அளவு கூடினால் மூளையைத் தாக்கும் மூலக்கூறு பிலிருபின். சிவப்பணு உடையும்போது ஹீமோகுளோபினில் உள்ள ஹீம் சிதைந்து முதலில் பச்சை நிறப் பிலிவெர்டினாகவும் பின்பு மஞ்சள் நிறப் பிலிருபினாகவும் மாறுகிறது. பிலிருபின் தனக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்புகளால் மடிந்து கிடப்பதால் நீரில் கரையாது. முதிர்ந்த ஈரல் அதனோடு சர்க்கரை அமிலம் ஒன்றைச் சேர்த்து, கரையும் வடிவத்துக்கு மாற்றிப் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். பச்சிளங்குழந்தையின் ஈரலுக்கு அந்தத் திறன் வர நாளாகும். அதுவரை இரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் பிலிருபினைப் பிடித்து வைத்திருக்கிறது. பிடிக்க இயலாத அளவுக்குப் பிலிருபின் கூடினால் அது மூளைக்குள் புகுகிறது.

மருத்துவமனையில் நீல ஒளியின் கீழ் வைக்கும் சிகிச்சையைப் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தின் எசெக்ஸ் வட்டாரத்தில் உள்ள ராச்ஃபோர்டு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளை வெயிலுக்கு எடுத்துச் சென்ற ஜீன் வார்டு என்ற தாதி, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருப்பதையும் மற்ற இடங்களில் மஞ்சள் வெளுத்திருப்பதையும் 1956-இல் கவனித்து மருத்துவர்களிடம் காட்டினார். அதிலிருந்து பிறந்ததே அந்தச் சிகிச்சை; 1958-இல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. ஏறத்தாழ 460 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டவுடன் பிலிருபினின் மடிப்பு குலைந்து வடிவம் மாறுகிறது; மாறிய வடிவம் ஈரலின் உதவி இல்லாமலேயே வெளியேறக்கூடியது. இதைச் சொன்னவுடன் காலை வெயிலில் காட்டினால் போதுமே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வெயிலில் எவ்வளவு நீல ஒளி படுகிறது என்பதை அளக்க முடியாது. குழந்தையின் தோல் கருகும், உடலில் நீரும் குறையும். கண்ணோ தோலோ மஞ்சளாகத் தெரிந்தால் பலதுறை மருந்தகத்துக்கு எடுத்துச் சென்று பிலிருபின் அளவைப் பார்க்க வேண்டுமே தவிர, வெயிலைச் சிகிச்சையாகக் கொள்ளக் கூடாது.

அவரையைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பட்டியலில் உள்ள ஃபாவா அவரை, விசியா ஃபாபா என்ற தாவரம். வைசின், கான்வைசின் என்ற இரண்டு மூலக்கூறுகள் அதில் மிகுதியாக உள்ளன. செரிமானத்தின்போது இவை டிவைசினாகவும் ஐசோயுராமிலாகவும் பிரிந்து, குவினோன்களைப் போலவே பெராக்சைடை உண்டாக்குகின்றன. நம் அவரைக்காயும் மொச்சையும் லேப்லேப் என்ற வேறோர் இனத்தைச் சேர்ந்தவை. துவரை, உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உங்கள் மனைவி சாம்பாரையும் சுண்டலையும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் இங்கே வெளியில் சாப்பிடும்போது கவனம் வேண்டும். வறுத்த ஃபாவா பொட்டலங்களில் சிறுதீனியாக விற்கப்படுகிறது. மாப்போ தோஃபு என்ற சீன உணவில் சேர்க்கும் காரமான அவரைச் சாந்து ஃபாவாவிலிருந்து செய்யப்படுவது. எகிப்திய முறை ஃபலாஃபெலும் அதில்தான் செய்யப்படுகிறது. தாய் உண்டது பாலின் வழியாகக் குழந்தையைப் பாதித்த நிகழ்வுகள் உண்டு என்பதால், பாலூட்டும் காலம் முழுவதும் உங்கள் மனைவியும் ஃபாவாவைத் தவிர்க்க வேண்டும். பாகற்காயின் விதையிலும் வைசின் இருக்கிறது. விதையை நீக்கிவிட்டுச் சமைப்பது நல்லது.

மூலிகைகளில் முக்கியமானது சீன மருத்துவத்தின் ஹுவாங் லியன். அதில் உள்ள பெர்பெரின் என்ற மஞ்சள் நிற மூலக்கூறு, ஆல்புமின் பிடித்து வைத்திருக்கும் பிலிருபினைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளக்கூடியது. ஆகவே ஜி6பிடி குறைபாடு இல்லாத பச்சிளங்குழந்தைக்கும் அது ஆகாது. இந்தக் கவலையால் 1978-இல் சிங்கப்பூர் பெர்பெரின் உள்ள மூலிகைகளைத் தடைசெய்தது. பின்னர் மறு ஆய்வு செய்து, 2010களில் படிப்படியாகத் தடையை நீக்கியது. குழந்தைகளுக்கும் ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கும் உரிய எச்சரிக்கை தொடர்கிறது. இதை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் சித்த மருத்துவத்தில் வழங்கும் மரமஞ்சளிலும் இதே பெர்பெரின்தான் உள்ளது. சீன மூலிகைதானே, நமக்கு அதில் என்ன வேலை என்று நம் குடும்பங்கள் பட்டியலின் அந்த வரியைக் கடந்துவிடுகின்றன. சமையல் மஞ்சளில் பெர்பெரின் இல்லை. அதன் நிறம் குர்குமின் தருவது. உங்கள் மனைவி பத்தியச் சமையலில் மஞ்சள் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை.

உரைமருந்து வேண்டவே வேண்டாம். அதில் சேரும் வசம்பில் பீட்டா-அசரோன் இருக்கிறது. விலங்குகளில் அது புற்றுநோயை உண்டாக்கியதால், அமெரிக்கா 1968-இல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. உரைகல்லின் தூய்மை, கொடுக்கும் அளவு, மற்ற மூலிகைகளின் கலப்பு எதுவும் நம் கட்டுப்பாட்டில் இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலும் மருத்துவர் தரும் மருந்தும் தவிர வேறெதுவும் குழந்தையின் வாய்க்குப் போகக் கூடாது.

மருந்துகளில் பிரிமாக்குவின், டாப்சோன், நைட்ரோஃபியூரான்டாயின், ராஸ்புரிகேஸ், மெத்திலீன் நீலம் ஆகியவை தெளிவாக ஆபத்தானவை. இந்தக் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டதே பிரிமாக்குவினால்தான். மலேரியாவுக்குரிய அந்த மருந்தை அமெரிக்காவின் இலினாய் மாநிலச் சிறையில் கைதிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது சிலருக்கு மட்டும் சிவப்பணுக்கள் உடைந்தன; காரணம் ஜி6பிடி நொதியின் குறைவு என்று 1956-இல் தெரியவந்தது. சிறைக்கைதிகளைக் கொண்டு நடத்திய சோதனை என்பதை நினைக்கும்போது மனம் உறுத்துகிறது; அதிலிருந்து கிடைத்த அறிவே இன்று உங்கள் குழந்தையைக் காக்கிறது என்பதும் உண்மை. மெத்திலீன் நீலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாறிவிடும் ஒருவகைப் பாதிப்புக்கு அது நல்ல மருந்து. ஆனால் வேலை செய்வதற்கு அதற்கு என்ஏடிபிஎச் வேண்டும்; இக்குறைபாடு உள்ளவர்களிடம் அது பயன்படாததோடு சிவப்பணுவையும் உடைக்கும். வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் மீன் நோய்க்கு ஊற்றும் நீல மருந்து பெரும்பாலும் இதுவே என்பதால், குழந்தை தவழத் தொடங்கும் முன் அந்தப் புட்டியை அப்புறப்படுத்துங்கள்.

ஜூரோங் உம்மா எழுதியது:

தம்பி, குழந்தை நலமோடு வளர துஆ செய்கிறேன். என் மூத்த மகனுக்கும் இதே குறைபாடுதான். அவன் தேசிய சேவையை முடித்து இப்போது வேலைக்குப் போகிறான். சேவையில் சேரும்போது மருத்துவ அதிகாரியிடம் இதைத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பும்போது கொடுக்கும் மலேரியா மருந்தை அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பார்கள்.

யாரும் வெளிப்படையாக எழுதாத ஒன்றை எழுதுகிறேன். இந்தக் குறைபாட்டின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு அந்தக் குரோமோசோம் தாயிடமிருந்தே வருகிறது. இதைக் கேட்டவுடன் சில குடும்பங்களில் மருமகளின் பக்கம் பார்வை திரும்பும். நான் அதை அனுபவித்திருக்கிறேன். மலேரியா நெடுங்காலம் பரவியிருந்த நாடுகளிலெல்லாம் இந்த மரபணு இருக்கிறது, ஏனென்றால் அது மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பளித்தது. உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேருக்கு இக்குறைபாடு உண்டு. எவருடைய உணவாலோ நடத்தையாலோ வந்தது அன்று. உங்கள் தாயார் படித்தவர் என்கிறீர்கள். இதையும் அவரிடம் விளக்கிவிடுங்கள். பிள்ளை பெற்ற உடம்போடு இருக்கும் உங்கள் மனைவிக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கும்.

எங்கள் வீட்டுத் திருமணங்களில் மருதாணி இல்லாமல் எதுவும் நடக்காது. என் மகன் சிறுவனாக இருந்தவரை அவனுக்கு மட்டும் வைக்கவில்லை. உறவினர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, உதடும் உள்ளங்கையும் வெளிறுவது, கண் மஞ்சளாவது, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். போனவுடன் ஜி6பிடி என்று முதலில் சொல்லுங்கள்.

பொங்கோல்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். சேலைகளை அவரே மூட்டை கட்டிவிட்டார். மனைவிக்கு ஜூரோங் உம்மா எழுதியதையும் வாசித்துக் காட்டினார்.

இன்னும் இரண்டு ஐயங்கள். எங்கள் வீட்டு அலமாரியில், கர்ப்பூர உருண்டை என்று பொட்டலத்தில் அச்சிட்ட வெள்ளை உருண்டைகள் இருக்கின்றன. உள்ளே இருப்பது உண்மையில் என்ன என்று எப்படி அறிவது? அடுத்து, தடுப்பூசி போட்ட பின் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் கொடுக்கலாமா? வயிற்று உப்புசத்துக்கும் மூக்கடைப்புக்கும் அம்மா தைலம் தடவலாம் என்கிறார்.

கரிமம் எழுதியது:

பொட்டலத்தின் பின்புறத்தில் சேர்பொருளின் பெயரைப் பாருங்கள். கர்ப்பூரம் என்ற பெயரில் விற்கப்படும் உருண்டைகளில் நாஃப்தலீன் இருப்பது உண்டு. பெயர் இல்லையென்றால் ஒரு சோதனை செய்யலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் சாதாரண நீரையும், இன்னொன்றில் இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரையும் எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பூரம் இரண்டிலும் மிதக்கும். நாஃப்தலீன் சாதாரண நீரில் மூழ்கி உப்புநீரில் மிதக்கும். கழிவறைகளில் மணத்துக்காக வைக்கும் பாரா-டைகுளோரோபென்சீன் இரண்டிலும் மூழ்கும். நச்சு சிகிச்சை மருத்துவர்களும் பயன்படுத்தும் முறை இது. குழந்தை இருக்கும் அறையில் வைத்துச் செய்யாமல், கையுறை அணிந்து செய்துவிட்டு, முடிவு எதுவானாலும் உருண்டைகளைக் கட்டி அப்புறப்படுத்திவிடுங்கள். பட்டுச் சேலைகளுக்கு இறுக மூடும் பெட்டியும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும், அவ்வப்போது நிழலில் உலர்த்துவதும் போதும்.

மருந்தறை எழுதியது:

தைலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் உள்ள தைலங்கள் பெரும்பாலானவற்றில் மெந்தால், கர்ப்பூரம், மெத்தில் சாலிசிலேட் ஆகிய மூன்றும் பல்வேறு அளவுகளில் கலந்திருக்கும். மெந்தால் கலந்த பொடியும் தைலமும் பூசப்பட்ட ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் காமாலை கடுமையானதை நைஜீரிய மருத்துவர்கள் 1980-இல் எழுதினார்கள். அதோடு, பச்சிளங்குழந்தையின் மூக்கருகே மெந்தால் பட்டால் குரல்வளை சுருங்கி மூச்சுத் திணறலாம். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். வயிற்று உப்புசத்துக்கு, பால் குடித்த பின் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்து, எதுவும் தடவாமல் கையால் இதமாக நீவிவிடுங்கள்.

பாரசிட்டமாலை உரிய அளவில் கொடுக்கலாம். பழைய பட்டியல்கள் சிலவற்றில் அதன் பெயர் இருப்பதால் பெற்றோர் அஞ்சுகிறார்கள். வழக்கமான அளவில் அது இக்குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்களை உடைப்பதில்லை. குளூட்டாதயோனைப் பற்றி இங்கே பேசியதால் இன்னொரு கேள்வி உங்களுக்கு எழக்கூடும். பாரசிட்டமாலின் ஒரு சிறு பகுதி ஈரலில் நச்சுத்தன்மை உள்ள வேறொரு மூலக்கூறாக மாறுகிறது. அதை அடக்குவதும் குளூட்டாதயோன்தான். ஆனால் அது ஈரல் செல்லில் நடப்பது. ஈரலுக்கு என்ஏடிபிஎச் பெறப் பல வழிகள் இருப்பதால் உங்கள் மகனின் ஈரல் அதைச் சமாளிக்கும். அளவு மீறினால் யாருடைய ஈரலிலும் குளூட்டாதயோன் தீர்ந்துவிடும்; அப்போது மருத்துவமனையில் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீன், குளூட்டாதயோனை உண்டாக்கத் தேவையான சிஸ்டீனை ஈரலுக்கு அளித்துக் காப்பாற்றுகிறது.

ஆகவே அளவே முக்கியம். பொதுவாக ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்று கணக்கிடுவார்கள். ஆனால் மருந்துப் புட்டிகளின் செறிவு ஒன்றுபோல் இருப்பதில்லை. சொட்டு மருந்தின் அளவை வாசித்துவிட்டுச் சிரப்பைக் கொடுப்பதும், சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுப்பதும்தான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. தடுப்பூசி போடும் அன்றே குழந்தையின் அன்றைய எடையைச் சொல்லி, எந்தப் புட்டியில் எத்தனை மில்லிலிட்டர், எத்தனை மணி நேர இடைவெளி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியசோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால், நீங்களாக மருந்து கொடுத்துக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இக்குறைபாடு உள்ளவர்களுக்கு மருந்தைப் போலவே கிருமித்தொற்றும் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும்.